நேர்க்கோட்டில் நின்ற சமக்குறிகள்

என் வீட்டுக்காரருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சீப்பு. நேரில் கூப்பிடுவதில்லை, என் தம்பியிடம் பேசும்போது மட்டும்தான். கலைந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் மனுஷனுக்குக் கை பரபரக்கும். வாசலில் செருப்பு ஜோடி பிரியக் கூடாது, சுவரில் காலண்டர் சாயக் கூடாது, கொடியில் துணி காய்ந்தால் கிளிப்புகள்கூட ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நானோ மருந்துக் கடையில் நாள் முழுக்க மாத்திரை அட்டைகளை அடுக்கிவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கண்ட இடத்தில் போட்டால்தான் எனக்கு மூச்சே வரும். இந்த லட்சணத்தில் நாங்கள் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியது பெரிய விஷயம்தான்.

வீட்டில் செய்வதையே அலுவலகத்திலும் செய்து அதற்குச் சம்பளமும் வாங்குகிற அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவருக்கு வாய்த்தது. அவர் நிறுவனம் ஒரு நிரல் நூலகத்தைப் பராமரிக்கிறது. நிரல் நூலகம் என்றால் யாரோ மெனக்கெட்டு எழுதிவைத்த கணினி நிரல்களின் தொகுப்பு. மற்றவர்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்ளலாம். இவர்களுடைய நூலகம் தேதி, நேரக் கணக்குகளுக்கானது. இந்தத் தேதியிலிருந்து நாற்பதாம் நாள் என்ன கிழமை, இங்கே காலை என்றால் அங்கே என்ன நேரம், இப்படி. இதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல ஏராளமான விளக்கப் பக்கங்கள் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மாதிரி நிரல் இருக்கும். அந்த மாதிரிகளைத் தலைவாரிப் பொட்டு வைத்து உட்காரவைப்பதுதான் எங்கள் சீப்பின் வேலை.

நிரலில் ஒரு வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: இடப்பக்கம் ஒரு பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் அதன் மதிப்பு. பெயர்கள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால் சமக்குறிகள் முன்னும் பின்னுமாகத்தான் வரும். கணினிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இவருக்கு மட்டும் அது பல்லில் சிக்கிய நார். சின்னப் பெயருக்குப் பின்னால் வெற்றிடங்களைப் போட்டுப் போட்டு, எல்லாச் சமக்குறிகளும் மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்படி செய்துவிடுவார். அத்தோடு விட்டாரா? ஒவ்வொரு மாதிரிக்கும் மேலேயும் கீழேயும் சிறுகோடுகளை வரிசையாக அடித்து வேலி கட்டுவார். நூலகத்தின் எல்லாப் பக்கங்களிலும் அந்த வேலி உண்டு.

ஒருமுறை மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜன்னலோரம் மேசை. அதில் இரண்டு திரை, ஒரு தண்ணீர் பாட்டில், கூர் சீவிய பென்சில்கள். பக்கத்து இருக்கைப் பெண் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் பக்கங்களைப் பாத்தாலே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்க்கா" என்றாள். அன்றைக்கு வீடு திரும்பியவர் தரையில் நடந்தே வந்தாரா என்று சந்தேகம். "பத்து வருஷமாச்சு. இத்தனை ஆயிரம் பேர் படிக்கிறாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதுவரைக்கும் குறை சொன்னதில்ல, தெரியுமா?" என்றார். தெரியுமாவா? இதை அவர் எங்கள் உறவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

என் தம்பியும் நிரல் எழுதுகிறவன்தான். பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் நிறுவனமொன்றில் வேலை. சில வருஷத்துக்கு முன்னால் அவனுடைய கண்ணில் ஏதோ மங்கலாக இருக்கிறதென்று மருத்துவரிடம் போனான். பார்வை நடுவிலிருந்து கரைந்துகொண்டே போகும், நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் அழுது தீர்த்தேன். அவன் அழவில்லை. மறு வாரமே தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தைக் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டான். "கண்ணு போறதுக்குள்ள விரலைப் பழக்கிடணும்க்கா" என்றான். இந்த வருஷம் எழுத்து எதுவுமே அவன் கண்ணுக்குத் தெரியாமல் போனது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும்.

நிறுவனத்தில் அவனை வெளியே அனுப்பவில்லை. வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் பிரிவுக்கு மாற்றுகிறோம் என்றார்கள். சம்பளத்தில்கூடக் கை வைக்கவில்லை. "உனக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான்" என்று அவனுடைய மேலதிகாரி சொன்னாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேலதிகாரி எங்கள் மருந்துக் கடைக்குத் தலைவலி மாத்திரை கேட்டு வந்திருந்தால் இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன். தம்பி நிதானமாகப் பேசினான். டிக்கெட்டை ரத்து செய்தால் எந்த நேரம்வரை எவ்வளவு திருப்பித் தருவது என்ற புதிய பகுதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், நான் எழுதிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் தொலைபேசி வேலைக்குப் போகிறேன் என்றான். மாதக் கடைசிவரை அவகாசம் கொடுத்தார்கள். அந்தப் பகுதி முழுக்கத் தேதி, நேரக் கணக்கு. அதற்கு அவர்கள் பயன்படுத்துவது எந்த நூலகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பார்வையில்லாதவர்களுக்கான கணினிப் பயிற்சி மையம் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்ததால் அவன் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டான். மையத்தில் ஒரு கருவியை இரவல் கொடுத்திருந்தார்கள். விசைப்பலகைக்கு முன்னால் வைக்கும் நீளமான பட்டை. திரையில் இருக்கும் வரி அதில் புள்ளிகளாக எழும்பும், விரலால் தடவிப் படிக்க வேண்டும். பட்டையில் இடம் குறைவு. வரி நீளமாக இருந்தால் ஒரு பொத்தானை அமுக்கி மீதியை இழுத்துக்கொள்ள வேண்டும். கட்டுரை மாதிரி இருப்பதையெல்லாம் கணினி வாய்விட்டுப் படிக்கக் காதால் கேட்பான். நிரலில் ஒரு புள்ளி தவறினாலும் குடி மூழ்கிவிடும் என்பதால் அதை விரலால்தான் படிப்பான்.

எனக்கு விடுமுறை நாளொன்றில் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். கணினி படபடவென்று படித்துக்கொண்டே வந்து, திடீரென்று "டேஷ் டேஷ் டேஷ் டேஷ்" என்று ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. நான் ஒரு சட்டையை மடித்து முடித்து அடுத்ததை எடுத்துவிட்டேன், அது இன்னும் டேஷ் டேஷ் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நின்றது. நாலு வார்த்தை படித்தது. மறுபடி டேஷ் டேஷ்.

"என்னடா இது, மெஷினுக்கு வலிப்பு வந்துடுச்சா?"

"ஒன்னுமில்லக்கா. கோடு போட்டிருக்காங்க. அதை ஒவ்வொன்னா படிக்குது."

"தாண்டிப் போயேன்."

"தாண்டினா சில சமயம் உள்ள இருக்கிறதும் சேந்து போயிடுது."

சொல்லிவிட்டு விரலைப் பட்டையில் வைத்தான். தடவினான், பொத்தானை அமுக்கினான், தடவினான், பின்னால் போனான், மறுபடி முன்னால் வந்தான். அவனுடைய கழுத்து வியர்த்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அவன் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பட்டையில் வைத்து நகர்த்தினான். "இது பேரு" என்றான். குத்துக் குத்தாகப் புள்ளிகள் தட்டுப்பட்டன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வழவழவென்று வெறும் பட்டை. கடைசிவரை அப்படியே.

"மதிப்பு எங்கடா?"

"அது பட்டைக்கு வெளிய இருக்கு. பொத்தானை அமுக்கினாத்தான் வரும். அது வர்றப்ப பேரு போயிடும். எந்தப் பேருக்கு எந்த மதிப்புன்னு நான் மனசுல வெச்சுக்கணும். ஒரு வரின்னா பரவால்ல. பக்கம் முழுக்க இப்படித்தான்."

திரையைப் பார்த்தேன். எனக்கு நிரல் தெரியாது. ஆனால் மேலே வேலி, கீழே வேலி, நடுவில் சிப்பாய்கள்போல் நேராக நிற்கும் சமக்குறிகள். இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

"டேய், இது உன் மச்சான் வேலைடா!"

"தெரியும். கத்தாத."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"முதல் நாள்லேருந்தே. அவர்கிட்ட எதுவும் சொல்லாதக்கா. அவர் வீட்ல உக்காந்துக்கிட்டு அவர் வேலையையே குறை சொல்றதா? அவர் பெருமையா நினைக்கிறதே இது ஒன்னைத்தான். நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

சமாளிக்கிற லட்சணத்தைத்தான் பார்த்தேனே. பாதி மாதம் போயிருந்தது, அவன் எழுத வேண்டியதில் கால்வாசிகூட ஆகவில்லை. சரி, சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு சீப்பு வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்க்கிற வரைக்கும்தான் தாங்கியது.

வெளுத்து வாங்கிவிட்டேன். அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. அவர் முதலில் சொன்னது நான் எதிர்பார்த்ததையேதான்: "பத்து வருஷமா ஒருத்தர்கூட இதைச் சொல்லலையே. அவனுக்கு இன்னும் பழகல போலிருக்கு."

தம்பி என்னை முறைக்க முடியாமல் என் பக்கம் முகத்தை மட்டும் திருப்பினான். பிறகு, "அப்படியும் இருக்கலாம் மச்சான்" என்றான்.

அந்தப் பணிவுதான் அவரை என்னவோ செய்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க, காட்டு மாப்ள" என்றார்.

"காட்டுறதுக்கு என்ன இருக்கு. திரையை அணைச்சிடுங்க. நீங்க எழுதின பக்கம்தான். மூணாவது வரியில என்ன மதிப்புன்னு சொல்லுங்க."

அவருக்குப் புள்ளி எழுத்துத் தெரியாது என்பதால் காதால் கேட்க வைத்தான். வேலி வந்தது. டேஷ் டேஷ் என்று நீண்டது. அவர் தொடையில் தாளம் போட்டபடி காத்திருந்தார். வேலி முடிந்து முதல் வரி வந்தது, இரண்டாவது வரி வந்தது, அதற்குள் அவருக்கு எது எந்த வரி என்பது மறந்துபோனது. திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டார். மறுபடி வேலி. மூன்றாவது தடவை வேலியின் நடுவிலேயே, "போதும், நிறுத்து" என்றார். எழுந்துபோய்ச் சமையலறையில் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கலைத்தால் போயிற்று என்று நினைத்தேன். நானும் அப்பாவி. சமக்குறிகளை அவற்றின் பழைய இடத்துக்கு அனுப்புவது சுலபமாக முடிந்தது. அதைச் செய்ய அவருடைய கணினியிலேயே ஒரு கருவி இருந்தது, அதற்கு விதியை மாற்றிச் சொன்னால் போதும். வேலிதான் மல்லுக்கு நின்றது. வரிசையாக வரும் சிறுகோடுகளையெல்லாம் அழித்துவிடு என்று ஒரு பிரதியில் சோதித்துப் பார்த்தார். கருவி சொன்ன பேச்சைக் கேட்டது, கேட்டு வேறு இடங்களிலும் புகுந்தது. இது தேதி நூலகம் அல்லவா? வருஷம், மாதம், நாள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் சிறுகோடு. தெரியாத தேதிக்கு எண்களே இல்லாமல் வெறும் கோடுகளாகக் காட்டும் மாதிரிகளும் உண்டு. அவையெல்லாம் துடைத்துவிட்டதுபோல் காணாமல் போயின. எது வேலி, எது தேதி என்று மனுஷக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கோடுகளை அன்றைக்கு ஆசையாக அடித்த கையே இப்போது ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதாயிற்று.

அதற்கு முன்னால் அவருடைய மேலாளரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் கறார் பேர்வழி. நடந்ததை அவரே சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

"'அழகா இருக்கிறதை எதுக்குக் கலைக்கணும்?'னு கேட்டாங்க. படிக்கக் கஷ்டமா இருக்குன்னேன். 'யாருக்கு?'ன்னாங்க."

"என்ன சொன்னீங்க?"

"சிலருக்குன்னு சொன்னேன்."

"மச்சினனுக்குன்னு சொல்றதுக்கு என்ன?"

"வீட்டு ஆளுக்காக நூலகத்தையே மாத்துறான்னு சொல்ல மாட்டாங்களா?"

மேலாளர் ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். மாற்றி வெளியிடலாம். படிப்பவர்களிடமிருந்து குறை வந்தால் இவரே பதில் சொல்ல வேண்டும். சொல்லும் காரணம் எடுபடவில்லை என்றால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். திரும்பினால் தம்பியின் கதி என்ன என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அடுத்து வந்த நாள்களில் எங்கள் முன்னறை பட்டறையாகிவிட்டது. அவர் வேலி பிடுங்குவார், தம்பி விரலால் தடவிச் சரி என்பான். "மச்சான், இங்க தேதியையும் சேத்துப் பிடுங்கிட்டீங்க" என்பான் சில சமயம். எப்போதும் நான் குறுக்கே பேசினால் கோபப்படும் மனுஷன், அவன் சொன்னால் மட்டும் மறுபேச்சில்லாமல் திருத்தினார். முடித்த பக்கங்களை எனக்குக் காட்டினார். சமக்குறிகள் தூங்கி எழுந்த தலைமுடி மாதிரி முன்னும் பின்னும் கிடந்தன. "பாக்கவே என்னவோ மாதிரி இருக்கு" என்று முனகினார். எனக்குப் பாவமாக இருந்தது. அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்று கட்டியவளுக்குத் தெரியாதா?

வெளியிட்டார்கள். மறுநாளே குறை வந்தது. படிக்கிறவர்கள் கருத்துச் சொல்ல ஒரு பொதுப் பலகை உண்டு, அதில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். இந்தப் பக்கங்களின் அழகே அந்த நேர்க்கோடுகள்தான், பத்து வருஷமாக இதைக் காட்டித்தான் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எந்தப் புண்ணியவான் இப்படி அலங்கோலம் செய்தது என்று கேட்டிருந்தார். அவரை ஆமோதித்து இன்னும் பல பேர். மேலாளர் இவரைக் கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் பதில் போடுங்கள், இல்லையென்றால் பழையதையே வைத்துவிடலாம் என்றாராம்.

அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து வேலை செய்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். நான் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தபோதும் அதே இடம். எட்டிப் பார்த்தேன். பராமரிப்பு வசதி, ஒருமைப்பாடு, தரநிலை என்று என்னென்னவோ இருந்தது.

"இதுக்காகவா மாத்தினீங்க?"

"இல்ல."

"அப்ப எதுக்கு மாத்தினீங்களோ அதை எழுதுங்க. நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். முன்னறையில் தம்பி தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் அழித்தார். ஒரே வரி எழுதினார்: "என் மச்சினன் இந்தப் பக்கங்களை விரலால் படிக்கிறான்." அனுப்பிவிட்டு, திரையைப் பார்க்க மாட்டாமல் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டார்.

நான் கைகழுவிவிட்டு வந்தபோது கீழே ஒரு பதில் வந்திருந்தது. யாரோ, எந்த ஊரோ. ஒரே வார்த்தை.

"நானும்."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. "நானும். காதால்." பிறகு இன்னொன்று. ஒரு பெண், வேலிக்குப் பயந்து இந்த நூலகத்தையே விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போனதாகவும், இனித் திரும்பி வரலாம் என்றும் எழுதியிருந்தாள். அதற்கும் கீழே மறுபடி ஒரு "நானும்". அந்த நீளமான குறையை எழுதிய ஆசிரியர், என் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருந்தார், பாதியில் நின்றுவிட்டார், ஏன் என்று நான் கேட்கவில்லை என்று எழுதினார். நான் படியில் நின்று, "என்னங்க, கீழ வாங்க" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கு நேரமாகிவிட்டதுகூட நினைவில்லை.

மேலாளர் அதற்குப் பிறகு பழையதைத் திருப்பி வைக்கச் சொல்லவில்லை. வேலி இல்லாமல், சமக்குறிக்கு முன்னால் ஒரே ஒரு வெற்றிடத்தோடு எழுத வேண்டும் என்று விதிப் பக்கத்தில் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான்.

தம்பி மாதக் கடைசியில் தன் பகுதியை எழுதிக் காட்டினான். கேள்வி மேல் கேள்வி கேட்டார்களாம். ஓட்டிப் பார்த்தார்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே, "அக்கா, தொலைபேசிக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றான். நான் அவனைக் கட்டிக்கொண்டேன். சீப்பு அவன் தோளைத் தட்டினார், தேநீர் போடப் போனார், மூன்று டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனாலும் ஏதோ ஒன்று அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கடைசியில் கேட்டேவிட்டார்.

"எனக்கு ஒன்னுதான் புரியல மாப்ள. இத்தனை பேர் கஷ்டப்பட்டிருக்காங்க. பத்து வருஷத்துல ஒருத்தராவது சொல்லியிருக்கலாமில்ல? ஏன் யாருமே சொல்லல?"

தம்பி டம்ளரைத் தடவி எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"நான் உங்க வீட்டுக்குள்ளயே இருந்தேன் மச்சான்" என்றான். "நானே சொல்லலையே."

தேநீர் ஆறுகிற வரைக்கும் அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.